ஆறும் சரி: சிந்தாங் மொழியில் ஒரு சொல்லைத் தேடுவது

இணையத்தில் அடிக்கடி சுற்றிவரும் ஒரு வகைப் பதிவு உண்டு. ‘மொழிபெயர்க்கவே முடியாத பத்துச் சொற்கள்’, ‘ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் சொல்லும் மொழிகள்’ என்கிற மாதிரி. நானும் பகிர்ந்திருக்கிறேன். ரசிக்காமல் இருக்க முடியாது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ சிலர், நாம் ஏழெட்டுச் சொற்களைச் செலவழித்துத் தட்டுத்தடுமாறிச் சொல்வதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்பது ஒரு சின்னப் பொறாமையைக் கிளப்புகிறது.

அந்தப் பொறாமையோடுதான் சிந்தாங் மொழியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். கிழக்கு நேபாளத்தில் தன்குட்டா மாவட்டத்து மலைக் கிராமங்களில் சில ஆயிரம் பேர் பேசும் மொழி. திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தில் கிராந்தி என்னும் கிளையைச் சேர்ந்தது. திபெத்தியம், பர்மியம், நம் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இருக்கும் மணிப்புரி, போடோ எல்லாம் இதே குடும்பம்தான். சிந்தாங் பேசுகிறவர்கள் வீட்டுக்கு வெளியே நேபாளியும், பக்கத்துப் பெரிய கிராந்தி மொழியான பந்தாவாவும் பேசுகிறார்கள். எழுதவேண்டி வந்தால் தேவநாகரி.

அந்த மொழியில் இப்படி ஒன்று சொல்லலாம்:

உகமசோப்யொக்தெ.

‘அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை’ என்று பொருள். (நம் எழுத்தில் மூச்சொலி தெரியாது. ‘க’வை இந்திக்காரர்கள் ‘கானா’ என்று சாப்பாட்டைச் சொல்லும்போது வருகிற அழுத்தமான ககரமாக வாசித்துக்கொள்ளுங்கள்.) உள்ளே பிரித்துப் பார்த்தால்: ‘உ’ என்பது அவர்கள். ‘க’ என்பது எங்களை. ‘ம’ எதிர்மறை. ‘சோப்’ தான் பார்த்தல். ‘யொக்த்’ மறுபடியும் எதிர்மறை. கடைசி ‘எ’ இறந்தகாலம். வினையடிக்கு முன்னால் மூன்று ஒட்டுகள், பின்னால் இரண்டு. ஒரே சொல்லில் ஒரு வாக்கியம். பதிவு போட்டுவிடலாம்.

போடுவதற்கு முன் இன்னொரு விஷயம். ‘உ-க-ம-சோப்’ என்று சொன்னதை ‘உ-ம-க-சோப்’ என்றும் சொல்லலாம். ‘க-உ-ம’ என்றும், ‘க-ம-உ’ என்றும், ‘ம-உ-க’ என்றும், ‘ம-க-உ’ என்றும் சொல்லலாம். மூன்று ஒட்டுகளை எத்தனை வரிசையில் அடுக்க முடியுமோ அத்தனையும். ஆறும் சரி. பல்தசார் பிக்கலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2007இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் இதை எழுதினார்கள். அவர்கள் வியப்போடு சொல்வது, இந்த ஆறுக்கும் பொருளில் வித்தியாசம் இல்லை என்பது. இந்த ஊர்க்காரர் இப்படி, அந்த ஊர்க்காரர் அப்படி என்றும் இல்லை. ஒரே ஆள் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் ஒரு மாதிரியும் சொல்லலாம்.

இதன் விபரீதம் உடனே உறைக்காது. தமிழில் வைத்துப் பாருங்கள். ‘அவங்க எங்களைப் பாக்கல’, ‘எங்களை அவங்க பாக்கல’, ‘பாக்கல அவங்க எங்களை’ என்று மாற்றி மாற்றிச் சொல்லலாம். அழுத்தம் மாறும், தப்பாகாது. ஏனென்றால் அவை தனித்தனிச் சொற்கள். ஆனால் ‘பார்த்தேன்’ என்பதற்குள் கையை விட்டு, கால இடைநிலையையும் ‘ஏன்’ விகுதியையும் இடம் மாற்றிப் போட முடியுமா? யாரும் அதைத் தமிழாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாக்கியத்துக்குள் சொற்கள் நகரும், சொல்லுக்குள் உறுப்புகள் நகராது. இதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, ஆனாலும் நமக்குத் தெரியும். சிந்தாங்கில் சொல்லுக்குள்ளேயே எல்லாம் நகர்கிறது. அப்படியென்றால் அது சொல்தானா?

2

சொல் என்றால் என்ன என்று கேட்டால் ‘இதுல என்ன இருக்கு, இடைவெளிக்கு இடைவெளி ஒரு சொல்’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் இடைவெளி ரொம்பப் புதிய பழக்கம். ஓலைச்சுவடியில் அது கிடையாது. அச்சோடு வந்து, நம் கண்ணில் ஊறி, இப்போது மொழியின் இயல்பு மாதிரி உட்கார்ந்திருக்கிறது. என் முதல் கதை ஒன்றைத் திருத்தியவர் ‘வந்துவிட்டான்’ என்று நான் எழுதியதையெல்லாம் ‘வந்து விட்டான்’ என்று பிரித்துவிட்டார். அடுத்த கதைக்கு வேறொருவர், நான் திருந்திப் பிரித்து எழுதியதையெல்லாம் சேர்த்துவிட்டார். இருவருமே தங்கள் முடிவை இலக்கணம் என்றுதான் சொன்னார்கள். வாயில் அது ‘வந்துட்டான்’. அதில் எங்கே கத்தி வைப்பது?

இடைவெளியை நம்ப முடியாது என்றுதான் மொழியியலாளர்கள் சோதனைகளை வைத்தார்கள். லெனர்ட் ப்ளூம்ஃபீல்டின் சோதனை எளிமையானது: தனியாக நின்று ஒரு பேச்சாகக்கூடிய மிகச் சிறிய வடிவம்தான் சொல். ‘போனியா?’ என்றால் ‘இல்ல’ என்று பதில் சொல்லலாம். ஆகவே ‘இல்லை’ சொல். ‘போனியா?’ என்றால் ‘ஏன்’ விகுதியை மட்டும் பதிலாகச் சொல்ல முடியாது. இன்னொரு சோதனை, நடுவில் வேறொன்றை நுழைக்க முடியுமா என்பது. இன்னொன்று, உறுப்புகளின் வரிசை நிலையானதா என்பது. டிக்சனும் ஐகன்வால்டும் 2002இல் தொகுத்த ‘சொல்’ பற்றிய நூலில் இலக்கணச் சொல்லுக்கான அடையாளங்களில் ஒன்றாக நிலையான வரிசையைச் சேர்த்திருக்கிறார்கள். உறுப்புகள் சேர்ந்தே வரும், ஒரே வரிசையில் வரும், சேர்ந்து ஒரு பொருள் தரும்.

நம் ‘பார்க்கவில்லை’யை இவற்றில் போட்டுப் பாருங்கள். சேர்த்துத்தான் எழுதுகிறோம். ஆனால் ‘பார்க்கவே இல்லை’ என்று நடுவில் ஏகாரம் நுழைகிறது. ‘இல்லை’ தனியாகவும் நிற்கிறது. அப்படியானால் இரண்டு சொல். பேச்சில் ‘பாக்கல’ என்று ஆகும்போது அந்த ‘இல்லை’ ஒரு ‘ல’வாகத் தேய்ந்து, தனியே நிற்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அப்போது ஒரு சொல். எழுத்தும் பேச்சும் ஒரே வீட்டில் இரண்டு கணக்கு வைத்திருக்கின்றன. நாம் அதைக் கண்டுகொள்வதில்லை, ஏனென்றால் பெரும்பாலான நேரம் இந்தச் சோதனைகள் எல்லாம் ஒரே இடத்தில் கோடு போடுகின்றன. ஓரத்தில்தான் சண்டை.

சிந்தாங்கில் சண்டை நடுவீட்டில். ‘உ’, ‘க’, ‘ம’ மூன்றும் தனியே நிற்காது, வினையை விட்டு எங்கும் போகாது. ஆகவே ப்ளூம்ஃபீல்டிடம் கேட்டால் அவை சொல்லின் துண்டுகள். வரிசையை மட்டும் பார்க்கிறவரிடம் கேட்டால், இவ்வளவு சுதந்திரமாக நகர்பவை தனித்தனிச் சொற்கள் மாதிரி என்பார். ஒரே பொருளை இரண்டு தராசும் இரண்டு எடையாகக் காட்டுகின்றன. இரண்டு தராசுமே நன்றாகத்தான் வேலை செய்கின்றன.

3

இது சிந்தாங்கின் தனி விநோதம் என்று ஒதுக்கிவிடலாமா? அதே குடும்பத்தின் பெரிய, பழைய எழுத்துள்ள மொழிகளுக்குப் போனாலும் வேறு வடிவத்தில் இதே கேள்வி நிற்கிறது.

திபெத்திய எழுத்தில் ஒவ்வோர் அசைக்கும் பின்னால் மேலே ஒரு சின்னப் புள்ளி வைப்பார்கள். ‘செக்’ என்று பெயர். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ‘தாஷி தெலே’ என்ற வாழ்த்து பலருக்கும் தெரிந்திருக்கும். திபெத்தியர் எழுதும்போது அது நான்கு அசை, நடுவில் மூன்று புள்ளி. மங்கலம், நலம் என்று இரண்டு சொல்லா? வணக்கம் என்கிற மாதிரி ஒரே சொல்லா? புள்ளி பதில் சொல்லாது, அசைகளை மட்டும் எண்ணும். சரி, அசைக்கு ஒரு புள்ளி என்றால் புள்ளிகளுக்கு நடுவில் இருப்பது ஒரு சொல்லாகவோ சொல்லின் துண்டாகவோ இருக்கும் என்றாவது நம்பலாமா? அதுவும் இல்லை. ‘நான்’ என்பதற்குத் திபெத்தியத்தில் ‘ங’. செய்பவரைக் காட்டும் வேற்றுமை உருபு சேரும்போது எழுத்தில் ‘ஙஸ்’. அந்த உருபு நடுவில் புள்ளியே இல்லாமல் உள்ளே ஒட்டிக்கொள்கிறது. வேறு சொல்லின் பின்னால் அதே உருபு தனிப் புள்ளியோடு தனி அசையாக நிற்கும். ஆக, புள்ளி சில இடங்களில் ஒரு சொல்லை உடைக்கிறது, சில இடங்களில் இரண்டு உறுப்பை ஒட்டவைக்கிறது.

பர்மியத்தில் காது வழிகாட்டும். ‘சா’ என்றால் உண்பது. ‘ப்வே’ என்றால் விழா, கூட்டம், விருந்து. இரண்டும் சேர்ந்தால் மேசை. ஆனால் சேரும்போது ‘சாப்வே’ என்று உச்சரிப்பதில்லை. முதல் அசை தேய்ந்து, ‘ச’ அதிர்ந்து ஆங்கில ‘இஸட்’ போல ஆகிறது. ‘ப’வும் ‘அப்பா’வின் பகரமாக இல்லாமல் ‘தம்பி’யின் பகரமாகிறது. எழுத்து அப்படியே இருக்க, வாய் மட்டும் இது ஒன்று என்று முடிவு செய்துவிட்டது. இது நமக்கு அந்நியமில்லை. ‘தேன்’, ‘குழல்’ என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், பிறகு தீபாவளிக்குப் பிழிகிற பலகாரத்தின் பெயரைச் சொல்லுங்கள். ‘தேங்குழல்’ என்னும்போது ககரம் அதிர்கிறதல்லவா? அந்த அதிர்வுதான் ஒட்டுக்குச் சாட்சி.

எழுத்தில் பர்மியர்கள் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை, தொடருக்குத் தொடர் விடுகிறார்கள். வாசிக்கிறவருக்குக் கஷ்டமில்லை. கணினிக்குத்தான் கஷ்டம். வரியை எங்கே மடக்குவது என்று தெரியாமல், மென்பொருளுக்குள் ஓர் அகராதியையே வைத்துச் சொல் தேட வேண்டியிருக்கிறது. அந்த அகராதியில் எது சொல் என்று யாரோ ஒருவர் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். சுற்றிச் சுற்றி அங்கேயே வருகிறோம்.

4

சிந்தாங்கின் ஆறு வரிசைக்கு 2007 கட்டுரை தரும் விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. சொல் என்பதே இரண்டு வகை என்கிறார்கள். இலக்கணத்தின் கணக்கில் ஒரு சொல், ஒலியின் கணக்கில் ஒரு சொல். இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டியதில்லை. சிந்தாங்கில் ஓர் இலக்கணச் சொல்லுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிச்சொற்கள் இருக்கலாம். முன்னொட்டுகள் வினையடியைத் தேடுவதில்லை, ஓர் ஒலிச்சொல்லைத் தேடுகின்றன. ‘எனக்கு வலப்பக்கம் ஓர் ஒலிச்சொல் இருந்தால் போதும்’ என்பதுதான் ஒவ்வொன்றின் நிபந்தனையும். தங்களுக்குள் யார் முதல், யார் அடுத்து என்று எந்த நிபந்தனையும் இல்லை. இரண்டு அடிகள் சேர்ந்த கூட்டுவினைகளில் இந்த ஒட்டுகள் இரண்டாவது அடிக்கு முன்னால்கூடப் போய் உட்காருவது இதனால்தான். அது குழப்பமில்லை, வேறு விதமான ஒழுங்கு.

பிக்கல், ஷீரிங், ஹில்டெப்ராண்ட் மூவரும் 2010இல் எழுதிய கட்டுரை இன்னும் ஒரு படி போகிறது. ஒலிச்சொல் என்பதே எல்லா மொழிக்கும் பொதுவான ஓர் அலகு இல்லை என்கிறது. வியட்நாமியத்தில் அதற்குத் தேவையே இல்லை, சிந்தாங்கின் உறவுமொழியான லிம்புவிலோ அது ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. அந்தந்த மொழியின் ஒலி விதிகள் எங்கே வந்து குவிகின்றனவோ அங்கே ‘சொல்’ உருவாகிறது. எங்கும் குவியாவிட்டால் இல்லை.

ஆனால் 2007 கட்டுரையின்மேல் எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஒலிச்சொல் பலவாக இருக்கட்டும். இலக்கணச் சொல் ஒன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? நிலையான வரிசை அந்த ஆதாரங்களில் ஒன்றாக இருந்தது, அதைத்தான் சிந்தாங் உடைத்துவிட்டதே. எனக்கு முதலில் சமாதானமாகப் பட்டது எதிர்மறைதான். முன்னால் ‘ம’, பின்னால் ‘யொக்த்’, இரண்டும் கைகோத்து வினையை நடுவில் வைத்திருக்கின்றன. இரு கைக்குள் இருப்பது ஒரே உடம்புதானே? பிறகு பிரெஞ்சு நினைவுக்கு வந்தது. அங்கேயும் ‘ந’, ‘பா’ என்று இரண்டு எதிர்மறைகள் வினையின் இரு பக்கமும் நிற்கின்றன. ஆனால் அவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே எழுதுகிறார்கள், அவை சொற்கள் என்றே பள்ளியில் சொல்லித்தருகிறார்கள். ஐரோப்பாவில் சொல்லாகக் கருதப்படுவது மலையில் ஒட்டாகக் கருதப்படுவதற்குப் பாதிக் காரணம் பிரெஞ்சுக்கு நூற்றாண்டுகளாக இடைவெளி விட்டு எழுதும் பழக்கம் இருப்பது. சிந்தாங்கை முதலில் எழுத்தில் இறக்கியவர்கள் வேறு மாதிரி இடைவெளி விட்டிருந்தால் நாம் பகிர்கிற பதிவின் தலைப்பே மாறியிருக்கும்.

இந்தச் சந்தேகத்தைக் கறாராக முன்வைத்தவர் மார்ட்டின் ஹாஸ்பெல்மாத். 2011இல், சொல்லுக்குச் சொல்லப்படும் பத்துச் சோதனைகளை வரிசையாக எடுத்து, தனியாகவோ கூட்டாகவோ எதுவும் எல்லா மொழிக்கும் ஒத்துவராது என்று காட்டினார். ரொம்ப நாணயமான கட்டுரை. அதே ஆள் 2023இல் சொல்லுக்கு ஒரு வரையறை கொடுத்தார். சுருக்கமாகச் சொன்னால்: தனித்து நிற்கும் உருபு ஒரு சொல், அல்லது, தனித்து நிற்காவிட்டாலும் பலவகைச் சொல்லோடும் ஒட்டக்கூடிய சார்பு உருபு ஒரு சொல், அல்லது, ஓர் அடியோ கூட்டடியோ தன் ஒட்டுகளோடு சேர்ந்து ஒரு சொல். இரண்டு ‘அல்லது’. முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். அல்லது போட்டால் எதைத்தான் வரையறுக்க முடியாது? பிறகு யோசித்தால் அந்த ‘அல்லது’வில்தான் நேர்மை இருக்கிறது என்று பட்டது. சொல் என்பது ஒரே சாரம் கொண்ட ஒன்றல்ல, மூன்று வேறு சரக்கை ஒரே மூட்டையில் கட்டி வைத்திருக்கிறோம் என்று வரையறையே ஒப்புக்கொள்கிறது. இதை வைத்து மொழிகளை ஒப்பிடலாம், எண்ணலாம். ஆனால் சிந்தாங் பேசுகிற ஒரு குழந்தை ஏன் ஆறு வரிசையையும் பிசகில்லாமல் சொல்கிறது என்பதற்கு இதில் பதில் இல்லை. எண்ணுவதற்கு ஹாஸ்பெல்மாத், புரிந்துகொள்ள பிக்கல் என்று நான் வைத்துக்கொண்டேன்.

5

இந்த இடத்தில் நமக்கே உரிய ஒரு சபலம் வரும். தொல்காப்பியர் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு வகையாகச் சொல்லைப் பிரித்தார். இடைச்சொல் தனியே இயங்காது, பெயரோடும் வினையோடும் சேர்ந்தே நடக்கும். ஏகாரம், ஓகாரம், உம், வேற்றுமை உருபுகள் எல்லாம் அதில் அடக்கம். இருந்தாலும் அதையும் அவர் சொல் என்றே அழைத்தார். அந்தக் கண்ணால் பார்த்தால் சிந்தாங்கின் உ, க, ம மூன்றும் சொற்களே. தனித்து நிற்பதுதான் சொல் என்று ப்ளூம்ஃபீல்ட் போட்ட வேலி நம் மரபில் இல்லை.

‘பாத்தீங்களா, நம்மாளு அப்பவே சொல்லிட்டாரு’ என்று இதை ஒரு மீமாக்கிவிடலாம். ஆனால் தொல்காப்பியர் சிந்தாங்குக்குத் தீர்வு எழுதவில்லை. தன் முன்னால் இருந்த மொழியைப் பார்த்துத் தனக்கு வேண்டிய கோட்டைப் போட்டார், அவ்வளவுதான். அவரிடமிருந்து எனக்குக் கிடைப்பது பெருமையைவிடச் சின்னதான ஒரு விஷயம்: சொல் என்ற பெயரை எங்கே வைப்பது என்பது பார்ப்பவரின் முடிவும்கூட. முடிவு எடுத்தவர் ‘இந்தக் காரணத்துக்காக இங்கே வெட்டினேன்’ என்று சொல்லிவிட வேண்டும். ‘மொழியே இங்கே வெட்டியிருந்தது’ என்று சொல்லக் கூடாது.

‘எப்படியும் வெட்டிக்கொள்ளலாம், எல்லாம் கற்பிதம்’ என்றும் நான் சொல்லவில்லை. சிந்தாங்கில் ‘ம’வைக் கடைசியில் கொண்டுபோய் வைக்க முடியாது. ‘யொக்த்’தை முன்னால் தள்ள முடியாது. முன்னொட்டு முன்னால்தான். அதற்குள்தான் சுதந்திரம். மொழி எங்கெங்கே இறுக்கமாக இருக்கிறது, எங்கெங்கே இளகுகிறது என்பது உண்மையான, சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம். அந்த இறுக்கத்துக்கும் இளக்கத்துக்கும் ‘சொல்’ என்று ஒற்றை முத்திரை குத்துவதில்தான் தகராறு.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மொழிபெயர்ப்பு வேலைகளில் பெரும்பாலும் சொல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ‘அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை’ என்பது ஆங்கிலத்தில் ஐந்து சொல், தமிழில் மூன்று, சிந்தாங்கில் ஒன்று. எந்தப் பக்கத்துச் சொல்லை எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஒருவருடைய வருமானமே மாறும். அகராதி போடுகிறவர் எதைத் தலைச்சொல்லாக வைப்பது என்று முழிப்பார். ‘அந்த மொழியில் இத்தனை ஆயிரம் சொல்தான் இருக்கிறது’ என்று யாராவது ஒரு சின்ன மொழியை மட்டம் தட்டும்போதும், ‘எங்கள் மொழியில் இத்தனை லட்சம்’ என்று மார்தட்டும்போதும், என்னத்தை எண்ணினீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. எந்தச் சின்ன மொழிக்கும் ஒருநாள் பாடப்புத்தகம் வரவேண்டும் என்றுதான் நாம் ஆசைப்படுவோம். வரட்டும். ஆனால் பாடப்புத்தகம் இயல்பாகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஆறு வரிசையில் ஒன்று அச்சில் ஏறும், கரும்பலகையில் ஏறும், அதுவே இலக்கணமாகும். அப்போது ‘மகஉசோப்யொக்தெ’ என்று எழுதிவரும் பிள்ளையின் நோட்டில் சிவப்பு மை விழும். வீட்டில் பாட்டி சொல்வதைத்தான் அது எழுதியிருக்கும். அந்தத் திருத்தத்தைப் போடுகிறவருக்குக் கெட்ட எண்ணமே இருக்காது, என் கதையைத் திருத்திய இருவருக்கும் இல்லாதது மாதிரி. சொல் என்றால் அதற்கு ஒரே வடிவம்தான் இருக்க முடியும் என்று நம்பியிருப்பார், அவ்வளவுதான்.

சிந்தாங்குக்கு அப்படியொரு புத்தகம் எழுதுகிறவரிடம் எனக்கு ஒன்று கேட்கலாம் என்றால், முதல் பாடத்திலேயே ஆறையும் அச்சடித்து, கீழே ‘ஆறும் சரி’ என்று போடச் சொல்வேன். நான் பகிர்ந்த அந்தப் பழைய பதிவையும் போய்த் திருத்தினேன். ‘ஒரே சொல்லில்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஒரே மூச்சில்’ என்று மாற்றினேன். லைக் குறைந்துதான் போனது.